நாற்பத்தொரு கூடையும் மீதித் திணிப்பும்

எங்கள் தெரு வாசகசாலையில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடக்கிறது. மாதம் ஒரு பிரதிதான். அதையே எல்லாரும் கைமாற்றிப் படிக்க வேண்டும். இந்த மாதம் நான் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் அந்தக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எழுந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதிலும் ஐந்தாவதில் பாதி வருஷம் ஜுரம். திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு ஏற்றுமதிக் கடையில் இருபத்தெட்டு வருஷம் சாமான் பெட்டி கட்டினேன். போன தை மாதம் இடுப்புப் பிடித்துக்கொண்டதால் நின்றுவிட்டேன். இப்போது அங்கே மரப்பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்திருக்கிறது. ஆணி வேண்டாம், சுத்தியல் வேண்டாம், கோந்துக் காகிதம் இருந்தால் போதும். அதைக் கட்டுகிறவர்கள் என்னை வழியில் பார்த்தால், "அண்ணே, நீங்க ஆப்பிரிக்கா போனது நிசந்தானா? சிங்கம் பாத்தீங்களா?" என்று கேட்கிறார்கள். பார்க்கவில்லை. போய்வந்த மூன்றரை மாதத்தில் நான் பார்த்த பெரிய மிருகம் அங்கே ஒரு கடையில் இருந்த கழுதை. நான் பார்த்தது கூடைகள். அதைப் பற்றித்தான் எழுத முடியும்.

எனக்குச் சொந்த ஊர் ஜீயபுரம். அப்பா வாழைத்தார்களை அடிபடாமல் வண்டியில் அடுக்கித் திருச்சி மண்டிக்கு அனுப்புகிறவர். அதனால் வாழைச்சருகை எங்கே வைத்தால் எது நசுங்காது என்பது எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். கடையில் எனக்கு முன்னால் பெட்டி கட்டியவர் இரண்டு வருஷம் என்னை வளைந்த ஆணிகளை நிமிர்த்த மட்டுமே விட்டார். மூன்றாம் வருஷம் அவர் வேறு கடைக்குப் போனார். நான் தேர்ச்சி பெற்றதாக ஆயிற்று.

கடையை நடத்தியது மானேஜர் வரதாச்சாரி சாமி. ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, பாலம் தாண்டி, சரியாக ஒன்பதரைக்கு வருவார். கையில் குடிதண்ணீர்க் கூஜா இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் உதடு அசைவது மட்டும் தெரியும். அப்போது நாங்கள் கிட்டப் போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும்.

நான் ஒரு பெட்டியைக் கட்டி முடித்தால் அவரிடம் சொல்ல வேண்டும். வருவார். அங்கவஸ்திரத்தை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கி, ஒரு சாண் உயரத்திலிருந்து விடுவார். பிறகு குனிந்து பலகையில் காதை வைப்பார். உள்ளே ஏதாவது உருண்டால், "பேசறதுடா" என்பார். பேசுகிற பெட்டியைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். பெட்டிக்குள் காலி இடமே இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஜாடி அனுப்பினால் ஜாடிக்குள்ளும் வைக்கோல் திணிக்க வேண்டும். செம்புக்குள் டம்ளர், டம்ளருக்குள் சுருட்டுக் கட்டு. சரக்கு வேறு, உறை வேறு, திணிப்பு வேறு என்று மூன்றையும் பட்டியலில் தனித்தனியாக எழுதச் சொல்வார். கப்பல்காரன் இடத்தை அளந்து கூலி வாங்குகிறான், காலி இடத்துக்கு நாம் ஏன் கூலி கொடுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. யாரும் பதில் சொன்னதில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ரயிலிலும் கடைகளிலும் வேலை செய்த நம் நாட்டு ஆட்களுக்காக நாங்கள் சுருட்டு, உறையூர்ச் சேலை, ஊறுகாய், அப்பளம் அனுப்பினோம். பெரிய ஏரி ஒன்றின் பக்கத்தில் இருந்த சின்னச் சந்தை ஊரில் காதர் ராவுத்தர் என்பவர் எங்கள் சரக்கை எடுத்தார். பாலக்கரையில் பிறந்தவர், மீசை முளைக்கும்போது கப்பலேறியவர். அவரிடமிருந்து வருஷத்துக்கு நான்கு கடிதம் வரும். நான்கிலும் ஒரே செய்தி. அப்பளம் அப்பளமாக வந்து சேரவில்லை, மாவாக வந்து சேருகிறது.

நான் வைக்கோலை மாற்றினேன், தகர டின்னில் வைத்தேன், டின்னைச் சேலைக்குள் வைத்தேன். மாவாகவே போயிற்று. இரண்டாவது குறை ஒன்று இருந்தது. எங்கள் பெட்டிகள் நல்ல தேக்கு. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு போகும். அத்தனையையும் ராவுத்தர் திருப்பி அனுப்புவார். அவை காலியாக வரும். பன்னிரண்டு பெட்டி நிறையக் காற்று ஆப்பிரிக்காவிலிருந்து கூலி கொடுத்து வருவதை நினைத்தால் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று மானேஜர் சொல்வார்.

ஒரு தடவை ராவுத்தர் அந்த ஊர்ப் பெண்கள் பின்னிய கூடை ஒன்றை மானேஜருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். கோரையும் வாழைநாரும் சேர்த்து, சுவர் செங்குத்தாக நிற்கும்படி, கறுப்புக் கோடு ஓட்டிப் பின்னியது. அதைக் கடைக்கு வந்த கண்டோன்மெண்ட் வெள்ளைக்காரி பார்த்தாள். அவள் மூலமாகப் பட்டணத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடைக்குச் சேதி போயிற்று. முந்நூறு கூடை வேண்டும், வாய் பதினெட்டு அங்குலம் என்று எழுதினார்கள்.

மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"மருதமுத்து, நீ போய்ப் பாத்துட்டு வந்துடேன்."

"எங்கே சாமி?"

"ஆப்பிரிக்காவுக்குத்தான். அப்பளம் எங்கே உடையறதுன்னு பாரு. திரும்பறச்சே பெட்டிலே கூடையை வச்சுக் கட்டிண்டு வா."

"நானா சாமி?"

"நான் சமுத்திரம் தாண்டப்படாது. முதலாளிக்குத் தண்ணியைப் பாத்தா மயக்கம். மிச்சம் நீதானே?"

என் மனைவியிடம் சொன்னேன். அவள் மருங்காபுரிப் பக்கத்துக்காரி. "அப்பளம் உடைஞ்சதுக்கா ஆளை அனுப்புறாங்க? நீங்க என்னத்த உடைச்சீங்க, அதைச் சொல்லுங்க" என்றாள்.

பம்பாயிலிருந்து கப்பல். பன்னிரண்டு நாளும் நான் யாரிடமும் பேசவில்லை. மேல்தளத்தில் பக்கத்துப் பாயில் இருந்தவர் நான் ஊமை என்று நினைத்து என் பங்குச் சோற்றையும் அவரே வாங்கி வந்து கொடுத்தார். வசதியாக இருந்ததால் நான் திருத்தவில்லை. மொம்பாஸாவில் இறங்கி, இரண்டு நாள் ரயிலில் போய், அங்கிருந்து லாரி. லாரியில் ஏறிய முதல் அரை மணியில் அப்பளம் எங்கே உடைகிறது என்று தெரிந்துவிட்டது. என் பற்கள் உடையாததே ஆச்சரியம். அதற்கு வழியும் அங்கேயே கண்டுபிடித்தேன். லாரியில் ஏறும் பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும், அப்பளத்தைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத்தான் கடல் தாண்டினேன்.

ஊர் என்றால் ஒரு செம்மண் தெரு, ராவுத்தர் கடையோடு ஏழு கடை, ஒரு தபால் ஆபீஸ், ஒரு பெரிய மரம். மரத்தடியில் வாரம் ஒரு நாள் சந்தை. அன்றைக்கு மட்டும் சுற்றுக் குன்றுகளிலிருந்து கூட்டம் இறங்கி வரும். மண்சட்டி, கருவாடு, வாழைத்தார், கேழ்வரகு. கேழ்வரகைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போயிற்று. வாழைத்தாரை அவர்கள் கூடைக்குள் அடுக்கியிருந்த விதத்தில் அப்பா குறை சொல்ல மாட்டார் என்று தோன்றியபோது மீதியும் போயிற்று.

கூடைக்காரப் பெண்கள் முப்பது பேர் மரத்தின் கிழக்குப் பக்கம் உட்காருவார்கள். அவர்களுக்காகப் பேசுகிறவள் தெரேசியா. நெடிய ஆள். ராவுத்தரே அவளை நிமிர்ந்து பார்த்துத்தான் பேசுவார். நான் தமிழில் முனகுவதை ராவுத்தர் அவர்கள் பேச்சில் சத்தமாகச் சொல்வார். அவர்கள் சத்தமாகச் சொல்வதை எனக்குத் தமிழில் இன்னும் சத்தமாகச் சொல்வார்.

முந்நூறு கூடை என்றதும் ஒரு சலசலப்பு. ஆளுக்குப் பத்து. அடுத்த கப்பலுக்குள் வேண்டும். தெரேசியா மற்றவர்களோடு நெடுநேரம் பேசிவிட்டுச் சரி என்றாள்.

"அளவு என்னான்னு கேக்குறாங்க தம்பி" என்றார் ராவுத்தர்.

மானேஜர் கொடுத்த அடிக்கோல் என் பையில் இருந்தது. பை எனக்கு ஆறடி தூரத்தில் இருந்தது. ஆனால் முப்பது பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சம். சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்தது. பதினெட்டு அங்குலம் ஒரு முழம். முழங்கையை மடக்கி, முழங்கை முட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை காட்டினேன்.

முப்பது பேரும் ஒன்றாகக் கையைத் தூக்கி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தடவிக் காட்டித் தலையாட்டினார்கள். அவர்களும் துணி, கயிறு எல்லாம் அப்படித்தான் அளப்பார்களாம். இரும்பு நாடாவை நீட்டாமல் மனுஷன் மாதிரி அளந்த முதல் வெளியூர்க்காரன் நான்தான் என்று தெரேசியா சொன்னதாக ராவுத்தர் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் கோயில் வாசலில் பூ வாங்குகிற யாருக்கும் இதில் உள்ள தப்பு உடனே தெரியும். பூக்காரியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். கை குட்டையானவளிடம் முழம் போட்டு வாங்க மாட்டார்கள். நானே அப்படி ஆள் பார்த்து வாங்கியிருக்கிறேன். இருந்தும் செய்தேன்.

ஏழு வாரம் போயிற்று. நான் ராவுத்தர் கிடங்கில் உடைந்த பெட்டிகளைச் செப்பனிட்டேன். நடுவில் பத்து நாள் நல்ல மழை பெய்தது. கிடங்குக் கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு, நல்ல ஊர் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

சந்தையன்று கூடைகள் வந்தன. தலைச்சுமையாக முப்பது பேரும் வரிசையாகக் குன்றிலிருந்து இறங்கி வந்ததைப் பார்க்க அழகாக இருந்தது. இறக்கி வைத்த பிறகு அழகாக இல்லை. தெரேசியாவின் பத்துக் கூடையும் அண்டா மாதிரி இருந்தன. எல்லாருக்கும் வயதில் மூத்த ஒரு கிழவி, என் மார்பு உயரம்கூட இல்லாதவள், கொண்டுவந்த பத்தும் பூக்கூடை மாதிரி இருந்தன. நடுவில் எல்லா அளவும் இருந்தது. ஒருத்தியின் பத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. ஆனால் ஒருத்தியுடையது மற்றவளுடையதைப் போல இல்லை.

ராவுத்தர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடிக்கோலை எடுத்து வந்தார். சாயங்காலம் வரை அளந்தார். பதினெட்டு அங்குலம் நாற்பத்தொன்று தேறியது.

"நாப்பத்தொண்ணு எடுத்துக்கலாம். மத்ததைத் தூக்கிக்கிட்டுப் போகச் சொல்ல வேண்டியதுதான்" என்றார். அதையே அவர்கள் பாஷையில் சொன்னார். தெரேசியா எழுந்து பேசினாள். ராவுத்தர் ஒவ்வொரு வரியாக எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவருக்கு என்மேல் இரக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

"இவர் கையாலே அளந்தாரு. நாங்களும் கையாலே அளந்தோம்ங்கிறா."

நான் தலையாட்டினேன்.

"இவர் கைதான் அளவுன்னா, கையை வெட்டி இங்க வச்சுட்டுல்ல போயிருக்கணும்ங்கிறா."

பெண்கள் சிரித்தார்கள். தெரேசியா சிரிக்கவில்லை. மேலும் பேசினாள். இந்தத் தடவை மொழிபெயர்க்கும்போது ராவுத்தர் குரல் இறங்கிவிட்டது.

"கேவுரு விதைக்கிற மழை வந்துட்டுப் போயிடுச்சாம் தம்பி. அந்தப் பத்து நாளும் இவங்க வயலுக்குப் போகலியாம். கூடைக்கு வாக்குக் குடுத்துட்டோம், கூடை வித்துத் தானியம் வாங்கிக்கலாம்னு வீட்டோட ஒக்காந்து பின்னியிருக்காங்க. இப்பக் கூடையும் இல்லேன்னா, அடுத்த அறுப்பு வரைக்கும் புள்ளைங்களுக்கு என்ன போடுறதுன்னு கேக்குறா."

மருங்காபுரி வானம் பார்த்த பூமி. விதைப்பு மழை ஒன்றைத் தவறவிட்ட வீடு எப்படி இருக்கும் என்று என் மாமனார் வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். வரும்போது சாப்பிட வந்ததாகச் சொல்ல மாட்டார்கள். பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்பார்கள்.

"ஏதாவது சொல்லுங்க தம்பி. நானே பேசிக்கிட்டிருந்தா என்னைத்தான் அடிப்பாங்க" என்றார் ராவுத்தர்.

"தப்பு என்னுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். தெரேசியா ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள்.

"தெரியுமாம்."

கூடைகளைக் கிடங்கில் வைத்துக்கொண்டு நாலு நாள் தவணை கேட்டோம். நான் ராவுத்தரிடம் மானேஜருக்குத் தந்தி அடிக்கச் சொன்னேன். அளவு பலவிதம், முந்நூறையும் எடுக்கலாமா என்று. அந்த நாலு நாளும் தெரேசியாவும் இன்னும் இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பாமல் மரத்தடியிலேயே இருந்தார்கள். நான் கிடங்கை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. ராவுத்தர் படித்தார்.

"பதினெட்டு அங்குலம் மட்டும் சரக்கு. மற்றது வேண்டாம். பெட்டிகள் காலியாக வரக் கூடாது. அவ்வளவுதான்." காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "நாப்பத்தொரு கூடையை வச்சுப் பன்னெண்டு பெட்டியை எப்படிய்யா ரொப்புறது? ஒங்க மானேஜர் என்னா மனுஷன்?"

நான் மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடி படித்தார். இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றபோது, இருபது வருஷமாக அந்தக் குரலின் கீழ் பெட்டி கட்டிய பழக்கத்தில், தந்தியில் இரண்டு உத்தரவு இருப்பது எனக்குத் தெரிந்தது. முதலாவது சரக்கைப் பற்றியது. இரண்டாவது திணிப்பைப் பற்றியது. பதினெட்டு அங்குலக் கூடை நாற்பத்தொன்றும் செங்குத்துச் சுவர். ஒவ்வொன்றுக்குள்ளும் அவ்வளவு காலி இடம். காலி இடத்தில் எதையாவது திணித்தே ஆக வேண்டும்.

"ராவுத்தரே, கூடையை எல்லாம் வெளியே எடுக்கணும்" என்றேன்.

"திருப்பிக் குடுக்கவா?"

"இல்லீங்க. சரக்குக் கட்டணும்."

மறுநாள், தவணைப்படி மற்றப் பெண்களும் குன்றிலிருந்து இறங்கி வந்ததும், மரத்தடியில் முந்நூறு கூடையையும் பரப்பினோம். தெரேசியா எதற்கு என்று கேட்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் செய்தே காட்டினேன். பதினெட்டு அங்குலக் கூடை ஒன்றை நடுவில் வைத்தேன். அதற்குள் போகிற கூடையைத் தேடினேன். இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, ஆடவும் கூடாது, நடுவில் ஒரு சருகு கனம் இருக்க வேண்டும். கிடைத்தது. அதற்குள் இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. கடைசியில் கிழவியின் கூடை. அது திணிப்பு. பிறகு பதினெட்டு அங்குலத்தை அப்படியே தூக்கி அதைவிடப் பெரியதற்குள் வைத்தேன். அதைத் தெரேசியாவின் கூடைக்குள் இறக்கினேன். அவை உறை. குலுக்கிக் காதை வைத்துப் பார்த்தேன். பேசவில்லை.

கிழவியின் கூடை தெரேசியாவின் கூடைக்குள் மறைந்ததும் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி ஏதோ சொன்னாள்.

"கடைசியிலே கெழவி இவ வயித்துலே பொறந்துட்டாளாம்" என்றார் ராவுத்தர்.

கிழவி அதற்குச் சொன்ன பதிலை அவர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர்களே அடுக்க ஆரம்பித்தார்கள். யாருடைய கூடைக்குள் யாருடையது போகும் என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது. ஒருத்தியின் கையைப் பிடித்து இன்னொருத்தியின் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். பொழுது சாயும்போது நாற்பத்தொரு அடுக்கு நின்றது. ஒவ்வொன்றிலும் ஏழு கூடை. பதின்மூன்று மிஞ்சின. அடுக்குகளைப் பெட்டிக்கு மூன்றும் நான்குமாக வைத்து, மிஞ்சியதை மூலை இடுக்குகளில் சாய்த்து, மீதிச் சந்துகளில் வாழைச்சருகைத் திணித்து ஆணி அடித்தேன். பன்னிரண்டு பெட்டி. ஒன்றும் பேசவில்லை.

ராவுத்தர் பெட்டிகளைச் சுற்றி வந்தார். "அங்க ஒங்க மானேஜர் ஒத்துக்கலேன்னா?"

"தெரியலீங்க."

"ஒத்துக்கலேன்னா ஒங்களைத் திருப்பி இங்க அனுப்பச் சொல்லி எழுதுவேன். இவங்க வயல்லே நீங்கதான் ஏர் புடிக்கணும். எழுதித் தாங்க."

தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முந்நூறையும் நான் எடுத்துக்கொண்டேன் என்று. அவர் கிடங்கைத் திறந்து முந்நூறுக்கும் உரிய தானியத்தை அளந்து கொடுத்தார். மரக்காலால் அளந்தார். முப்பது பேருக்கும் ஒரே மரக்கால். தெரேசியா தன் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரணமும் இல்லை. விதைப்பு போனது போனதுதான்.

திரும்பும் கப்பலில் பன்னிரண்டு நாளும் மானேஜரிடம் என்ன சொல்வது என்று யோசித்து ஒரு பேச்சைத் தயார் செய்தேன். திருச்சி வந்ததும் அது மறந்துவிட்டது.

பெட்டிகள் கடைக்கு வந்தன. மானேஜர் ஒரு மூலையைத் தூக்கி விட்டார். காதை வைத்தார். நிமிர்ந்தார். "திற" என்றார். திறந்தேன். முதல் அடுக்கை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அடிக்கோலை வாய்மேல் வைத்துப் பார்த்தார்.

"இருபத்திரண்டு. பதினெட்டு இல்லையே."

"இல்லை சாமி. அது உறை."

உள்ளே இருந்ததை எடுத்தார்.

"இது?"

"அதுவும் உறை சாமி."

அடுத்தது. அளந்தார். பதினெட்டு.

"இதுதான் சரக்கு சாமி."

அதற்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக நாலு கூடையை எடுத்து வரிசையாக வைத்தார். அவர் கேட்காமலே சொன்னேன்.

"அது திணிப்பு சாமி."

"அந்த ஊர்லே வைக்கோல் கிடையாதோ?"

அவர் குரல் இறங்கியிருந்தது. நான் ஓரடி கிட்டப் போனேன்.

"கிடைக்கும் சாமி. காலியா வரக் கூடாதுன்னு தந்தியிலே இருந்துச்சு."

"அளவு எப்படிடா இத்தனை தினுசாச்சு?"

"முழத்தாலே சொன்னேன் சாமி."

"யார் முழம்?"

"அவங்கவங்க முழம்."

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இன்னும் கிட்டப் போனேன்.

"ஏண்டா, அக்கரையிலே ரங்கநாதர் வாசல்லே பூ வாங்கினதில்லையோ நீ?"

"வாங்கியிருக்கேன் சாமி."

"அடிக்கோல் எங்கே இருந்தது?"

"பையிலே."

"பை?"

"ஆறடி தள்ளி."

மானேஜர் உட்கார்ந்தார். கூஜாவைத் திறந்து தண்ணீர் குடித்தார். அப்போதுதான் எனக்கு, பேச்சு மறந்துபோனாலும், சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று என்று தெரிந்தது. அந்த இருபது வருஷத்தில் அவர் கேட்காத ஒன்றை நானாக அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கூடை பின்னப் போய் அவங்க விதைப்பை விட்டுட்டாங்க சாமி. மழை போயிடுச்சு. இருநூத்தம்பத்தொம்பது கூடையை வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

அவர் கிழவியின் கூடையைத் தாமே எடுத்து அடுத்ததற்குள் வைத்தார். அதை அதற்கு அடுத்ததற்குள். ஏழும் ஒன்றாயிற்று. குமாஸ்தாவைக் கூப்பிட்டுப் பட்டணத்துக் கடைக்கு எழுதச் சொன்னார். கூடை, பதினெட்டு அங்குலம், நாற்பத்தொன்று. உறையும் திணிப்பும் சேர்த்து விலை. அப்படியே ஆணி அடித்து ரயிலில் ஏற்றினேன். ராவுத்தருக்கு, கணக்கு நேர், ஆளைத் திருப்பி அனுப்பவில்லை என்று இரண்டு வரி போயிற்று.

ஒரு மாதம் கழித்துப் பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது. மானேஜர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன்.

"அடுக்கு அடுக்கா எல்லாம் வித்துடுத்தாம். உடனே அதே மாதிரி அடுக்கா இன்னும் முந்நூறு கூடை வேணும்ங்கறான்."

"நல்லது சாமி."

பேனாவை எடுத்தார். கடிதம் எழுத ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"அந்த ஊர்லே விதைப்பு எந்த மாசம்?"

எனக்குத் தெரியவில்லை.

"மூணரை மாசம் போயிருந்தியே. விதைப்பை விட்டுட்டான்னு நீதானே சொன்னே?"

"எப்பன்னு கேக்கலை சாமி."

பேனாவை மூடினார். கடிதத்தை வைத்துவிட்டு ஒரு கார்டு எடுத்து, விதைப்பு எந்த மாதம், அறுப்பு எந்த மாதம், தெரேசியா என்கிற அம்மாளைக் கேட்டு எழுதவும் என்று ராவுத்தருக்கு எழுதினார். பதில் வர இரண்டரை மாதம் ஆயிற்று. அதற்குள் பட்டணத்துக் கடையிலிருந்து மூன்று கடிதம் வந்தன. மூன்றாவது கொஞ்சம் காரமாக இருந்தது என்று குமாஸ்தா சொன்னார். மானேஜர் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அதன்மேல் கூஜாவை வைத்தார்.

ராவுத்தர் பதில் வந்த அன்றுதான் முந்நூறு கூடைக்கு ஆர்டர் போயிற்று. அந்த ஆர்டரின் கடைசி வரியை மட்டும் மானேஜர் எனக்குப் படித்துக் காட்டினார். அவர்கள் விதைத்து, களை எடுத்து முடித்துவிட்டுப் பின்ன உட்காரட்டும், அதுவரைக்கும் பட்டணம் காத்திருக்கும் என்று இருந்தது.

பட்டணம் காத்திருந்தது.